கேட்டில் நிறுத்தப்பட்ட செவிலியர்

கேள்வி:

பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூருக்கு அருகே 420 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு ஆண்டுகளாக வசிக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலி. நானும் கணவரும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். வீட்டு வரியை ஊராட்சிக்குக் கட்டுகிறோம். கடந்த ஐப்பசி மழையின்போது எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இரவு 9 மணிக்கு மேல் மூன்று இடங்களுக்கு அலைந்து, கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். டெங்கு என்றார்கள். நான்காம் நாள் பிளேட்லெட் 62,000 ஆகக் குறைந்ததென்று சொல்லி ரத்தம் கொடுப்பவரைத் தேடி ஓடவிட்டார்கள். ஐந்து நாளுக்கு 78,000 ரூபாய் ஆனது. அதே வாரம், எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெரும்பாக்கத்து அக்காவின் மகனுக்கும் காய்ச்சல். 'வேலைக்கு வருபவர்களால்தான் நோய் வருகிறது' என்று குடியிருப்போர் சங்கத்தில் சிலர் பேசுகிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மருந்துக்கு மட்டும் மாதம் 4,000 ரூபாய் ஆகிறது. குடிக்கவும் குளிக்கவும் லாரித் தண்ணீர்தான். சுற்றிலும் இத்தனை மருத்துவமனைகள் இருந்தும் ஏன் இந்த நிலை? எங்களைப் போன்றவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாமா? சங்கத்தின் மூலம் என்ன செய்யலாம்? மகள் இப்போது நலம், பள்ளிக்குப் போகிறாள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் நலமாக இருக்கிறாள் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் எழுதியிருந்தால் மீதியைப் பதற்றமில்லாமல் படித்திருப்பேன். பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மருத்துவம், நிர்வாகம் இரண்டையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பகுதியைப் போன்ற இடங்களில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பேச முடியாது.

முதலில் நான் ஒன்று கேட்கிறேன். இந்த இரண்டு ஆண்டுகளில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருமுறையாவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாரா? அப்படி ஒருவர் இருப்பதே உங்களுக்குத் தெரியாதென்றாலும் நான் வியப்படைய மாட்டேன். பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், சென்னைக்குத் தெற்கே ஓர் ஊராட்சியில் அவரைப் போன்ற ஒரு செவிலியருடன் ஒரு நாள் காலை வீடு வீடாகச் சென்றேன். பழைய ஊருக்குள் அவரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கர்ப்பிணிகள் எத்தனை பேர், எந்த வீட்டுக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதையெல்லாம் பதிவேட்டைத் திறக்காமலேயே சொன்னார். ஊர் எல்லையில் புதிதாக எழுந்திருந்த அடுக்குமாடி வளாகத்துக்கு வந்தோம். 'எந்த ஃபிளாட்?' என்று காவலர் கேட்டார். 'எல்லா ஃபிளாட்டும்தான்' என்றார் செவிலியர். காவலரின் கைபேசிச் செயலியில் அப்படிப் பதிவதற்கு இடமில்லை. ஏதாவது ஒரு வீட்டிலிருந்து அனுமதி வந்தால்தான் கேட் திறக்கும். கால் மணி நேரம் நின்ற பிறகு, செவிலியர் பதிவேட்டை எடுத்து வளாகத்தின் பெயரை எழுதி, அதற்கு எதிரே 'பூட்டிய வீடு' என்று குறித்துக்கொண்டார். ஆட்கள் நிறைந்த சில நூறு வீடுகள் ஒரே வரியில் பூட்டிய வீடாகின.

நீங்கள் கேட்டிருக்கும் 'ஏன்' என்பதற்கு விடையின் பெரும்பகுதி அந்த வரியில் இருக்கிறது. மருத்துவமனை என்பது நோய் வந்தவர் தேடிச் செல்லும் இடம். அதற்குக் கட்டணம் செலுத்தக்கூடியவர்கள் எங்கே பெருகுகிறார்களோ அங்கே அது தானாகவே வந்துவிடும், உங்கள் சாலையில் வந்திருப்பதைப் போல. ஒரு தெருவில் இந்த வாரம் எத்தனை பேருக்குக் காய்ச்சல், அவர்கள் குடிக்கும் நீரில் குளோரின் இருக்கிறதா, கொசுப்புழு எந்தத் தொட்டியில் இருக்கிறது என்று கவனிக்கும் வேலைக்குக் கட்டணம் கொடுப்பவர் யாரும் இல்லை. அது அரசின் வேலை. அதைச் செய்ய வேண்டியவர் உங்களை எண்ணியிருக்க வேண்டும்.

எண்ணிக்கை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரகப் பகுதியில், சமவெளியில், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நெடுநாளைய அளவுகோல். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம், நகரங்களில் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்று வகுத்தது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக இன்றுவரை இருப்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், அடுத்தது 2027 மார்ச் 1ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்டு எடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. உங்களைப் போன்ற வளாகங்கள் நாலைந்து சேர்ந்தாலே ஒரு துணை சுகாதார நிலையத்துக்குரிய 5,000 பேர் வந்துவிடுவார்கள். ஆனால் 2011இல் அந்த இடங்களில் பல வயலாகவோ தரிசாகவோ கிடந்தவை.

அதே 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, உங்கள் சாலையில் செம்மஞ்சேரியோடு நின்றுவிட்டது. 2022இல் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. கட்டட வரைபட அனுமதிக்கு நகரம் உங்களைத் தாண்டி நெடுந்தூரம் போய்விட்டது. செவிலியர் பணியிடத்துக்கு நீங்கள் இன்னும் கிராமம்தான். மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 2023 முதல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும், வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக மாலை 4 முதல் 8 வரையும் இயங்குகின்றன. அந்த மாலை நேர வசதி உங்களைப் போன்ற குடும்பங்களுக்குத்தான் மிகவும் தேவை. எல்லைக்கோட்டின் அந்தப் பக்கத்தோடு அது நின்றுவிட்டது.

இதில் உங்கள் பக்கத்திலும் ஒரு சிறு பங்கு உண்டு, கோபிக்காமல் கேளுங்கள். மருத்துவமனையில் மகளைச் சேர்த்தபோது எந்த முகவரியைக் கொடுத்தீர்கள்? பெரும்பாலும் ஆதார் அட்டையில் உள்ள முகவரியைத்தான் கொடுப்போம். உங்கள் அட்டையில் அநேகமாகத் திருநெல்வேலி இருக்கும். டெங்கு உறுதியானால் தனியார் மருத்துவமனையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பட்டியல் நோயாளியின் முகவரிப்படி மாவட்டம் மாவட்டமாகப் பிரிக்கப்படும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பட்டியலோடு ஒரு தெருவுக்குப் போய், 'அவர்கள் சென்னையில் அல்லவா இருக்கிறார்கள்!' என்று பக்கத்து வீட்டார் சொல்லக் கேட்டுத் திரும்பிய கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கடித்த கொசு இங்கே, தேடும் ஆட்கள் அங்கே. இனி எந்த மருத்துவமனையானாலும் இப்போது வசிக்கும் முகவரியையும் கைபேசி எண்ணையும் தனியே எழுதிக் கொடுங்கள்.

இனி மருத்துவத்துக்கு வருகிறேன். இரவு 9 மணிக்குக் காய்ச்சல் வந்த குழந்தை தண்ணீர் குடிக்கிறது, பேசுகிறது, சிறுநீர் கழிக்கிறது என்றால், அந்த இரவில் மூன்று மருத்துவமனை அலைய வேண்டியதில்லை. எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து, கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று எதையாவது அடிக்கடி குடிக்க வைத்து, காலையில் மருத்துவரிடம் காட்டலாம். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை மழைக்காலக் காய்ச்சலில் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை அவை கூட்டிவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், வலிப்பு, மூச்சுத் திணறல், விடாத வாந்தி, கடுமையான வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுதல், எழுப்பினாலும் தூங்கி விழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

அப்போது எங்கே போவது என்பதை அந்த இரவில் யோசிக்கக் கூடாது. ஒரு பகல் வேளையில் அருகிலுள்ள இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் பேசி, இரவில் குழந்தைநல மருத்துவர் அங்கேயே தங்குகிறாரா அல்லது அழைத்தால்தான் வருவாரா, ரத்த அணுப் பரிசோதனை முடிவு எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் உயரத்தை வைத்து இவற்றை ஊகிக்க முடியாது. அரசு மருத்துவமனைகளில், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இரவிலும் குழந்தைகளுக்கு அவசர சிகிச்சை உண்டு. இரண்டும் உங்களுக்குத் தொலைவு என்பதை அறிவேன். ஆனால் மூன்று இடங்களுக்கு அலைந்த நேரத்தில் ஒன்றை எட்டியிருக்கலாம்.

டெங்குவில் பெற்றோர் தவறவிடும் நாள் ஒன்று உண்டு. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் சூடு தணியும். 'அப்பாடா, விட்டுவிட்டது' என்று வீட்டார் மூச்சு விடுவார்கள். ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசிந்து வெளியேறுவதும் ரத்த அழுத்தம் விழுவதும் அந்த நேரத்தில்தான், அடுத்த ஒன்று இரண்டு நாட்களுக்குள், நடக்கும். அதை முன்கூட்டிக் காட்டுவது ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தைச் சொல்லும் அளவு; நீர்ச்சத்து கசியக் கசிய அது ஏறும். சாதாரண ரத்த அணுப் பரிசோதனைத் தாளிலேயே அது இருக்கும். அந்தத் தாளில் நம் கண்ணெல்லாம் பிளேட்லெட் வரியிலேயே நின்றுவிடுகிறது. தேசிய வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ரத்தக் கசிவு இல்லாத நோயாளிக்கு எண்ணிக்கை 10,000க்கும் கீழே போகும்போதுதான் முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இருந்தது 62,000. அவளுக்கு ரத்தக் கசிவு ஏதும் இருந்ததா என்று கடிதத்தில் இல்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பார்க்காமல் அந்த மருத்துவமனையைக் குறை சொல்ல நான் முன்வர மாட்டேன். ஆனால் அப்படியொரு நேரத்தில் 'குழந்தைக்கு ரத்தக் கசிவு இருக்கிறதா? ஹீமட்டோக்ரிட் எவ்வளவு, நேற்று எவ்வளவு?' என்று கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்ல ஒரு நல்ல மருத்துவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

பரிசோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் ஐந்து நாட்களுக்குள் கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, அதற்குப் பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். என்பது பொது முறை. இரண்டையும் எலிசா என்ற ஆய்வக முறையில் செய்தால்தான் அரசுக் கணக்கில் உறுதியான டெங்கு. அட்டையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கும் துரிதச் சோதனையில் 'இல்லை' என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். 'இருக்கிறது' என்று வந்தால் உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்றும் இல்லை.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றிச் சங்கத்தில் பேசப்பட்டதை நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். நான் நேராகச் சொல்கிறேன்: அந்தப் பேச்சு தவறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் வாழ்நாளில் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். பெரும்பாக்கத்துக் கொசு நாவலூருக்குப் பறந்து வருவதில்லை. கிருமி பயணம் செய்வது மனிதர்களின் ரத்தத்தில்தான். அது எந்தத் திசையிலும் போகும்; அந்தப் பெண் பகலெல்லாம் உங்கள் வளாகத்தில் இருக்கிறார், ஏடிஸ் கடிப்பதும் பகலில்தான். உங்கள் வளாகத்தில் கடிபட்டு, கிருமியைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோனவர் அவராகவும் இருக்கலாம். நகரத்தின் நடுவே குடிசைகளில் இருந்த குடும்பங்களை அரசு பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அப்புறப்படுத்திக் குடியமர்த்தியபோது, அவர்கள் பழகிய அரசு மருத்துவமனைகள் பின்னால் நின்றுவிட்டன. அவருடைய குடும்ப அட்டை புதிய முகவரிக்கு மாறியிருக்கிறதா, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை உண்டு. இல்லையென்றால் விண்ணப்பிப்பதற்கு ஒரு நாள் விடுப்பு, ஊதியத்தோடு, கொடுங்கள்.

கொசுவைத் தேட வேண்டிய இடம் உங்கள் கேட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. டார்ச் விளக்கோடு கிளம்பும் சுகாதார ஆய்வாளர் சாக்கடைப் பக்கம் போவதில்லை. ஏடிஸுக்கு வேண்டியது ஓரளவு தெளிந்த, தேங்கிய நீர். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டை இழுத்து வெளிச்சம் காட்டினால், நூல் துணுக்குகளைப் போன்ற புழுக்கள் வெளிச்சத்தைக் கண்டு துள்ளித் துள்ளி அடிக்குப் போவதைப் பார்க்கலாம். மணிபிளான்ட் வைத்த கண்ணாடிக் குடுவை, பூந்தொட்டியின் அடித்தட்டு, நீச்சல் குளத்தருகே ஓடாமல் நிற்கும் அலங்கார நீரூற்று, மூடி பொருந்தாத சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), மழைநீர் கசிந்து நிற்கும் லிஃப்ட் குழி, பக்கத்து மனையில் கான்கிரீட்டை ஆற்றுவதற்காகத் தேக்கிய நீர் என எல்லாமே அதற்குத் தொட்டில்தான். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்த்தால் சங்கிலி அறும். கவிழ்ப்பதோடு நிற்காமல் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரில்லாமல் மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழையில் பொரியக்கூடியவை. சங்கக் கூட்டங்களில் எல்லாரும் கேட்பது புகை மருந்து. புகை, பறக்கும் கொசுவில் கொஞ்சத்தைக் கொல்லும். அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதையும் நீரில் நெளிவதையும் தொடாது. அது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தமும் போடுகிறது. அதனால் எதையோ செய்துவிட்ட திருப்தி வருகிறது.

தண்ணீர். இதில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள் வசிக்கும் வளாகங்களில்தான் நான் அதிகக் குழப்பத்தைக் கண்டிருக்கிறேன். நெம்மேலிக் கடற்கரையில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அளவிலும், 2024இல் மேலும் 15 கோடி லிட்டர் அளவிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்துவிட்டன. அந்த நீர் சென்னையை நோக்கிக் குழாயில் போகிறது, உங்கள் வளாகத்துக்கு லாரி வருகிறது. லாரி வந்தவுடன் மேலாளர் ஒரு சிறு கருவியை நீரில் விட்டு, 'டி.டி.எஸ். 600தான், நல்ல தண்ணீர்' என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவி உப்பை அளக்கிறது. மலக் கிருமி கலந்த நீரில் டி.டி.எஸ். 200 என்று காட்டக்கூடும். சுத்தமான ஆழ்குழாய் நீரில் 1,500 காட்டக்கூடும்.

நீங்கள் கேட்க வேண்டிய எண் வேறு: வீட்டுக் குழாயில் வரும் நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். சம்ப்பில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மூடாமல் வைத்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதால், அளவைப் போட்டோம் என்பதோடு நிறுத்தாமல், கடைசி மாடிக் குழாயில் நீர் பிடித்துக் குளோரின் சோதனைப் பெட்டியால் பார்த்து, தேதியோடு வரவேற்பறைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஆர்.ஓ. கருவி இருக்கிறதே என்பீர்கள். அது குடிக்கும் நீருக்கு மட்டும். பல் தேய்ப்பதும் காய்கறி கழுவுவதும் குழாய் நீரில்தான். மேலும் அந்தக் கருவி குளோரினை நீக்கிவிடுவதால், வடிகட்டி வைத்த நீரில் அழுக்குக் கை பட்டால் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வளாகத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைத் தொட்டிகளுக்கு அனுப்பும் தனிக் குழாய் இருக்குமானால், பழுது பார்க்கும்போது யாராவது அதைக் குடிநீர்க் குழாயோடு இணைத்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஒரே அடுக்கில், ஒரே வரிசையில் உள்ள வீடுகளில் மட்டும் வயிற்றுப்போக்கு வந்தால் நான் முதலில் தேடுவது அந்த இணைப்பைத்தான். சம்ப்பும் கழிவுநீர்த் தொட்டியும் அருகருகே இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்ப்பைக் காலி செய்து விரிசல் பார்க்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கிண்டி கிங் நிலையத்திலும் நீரைச் சோதிக்கலாம். '100 மில்லிலிட்டரில் ஈ.கோலை இருக்கிறதா' என்ற, மலக் கிருமிக்கான சோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்கள் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். வருமானச் சான்றோ குடும்ப அட்டையோ அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. 'ஏழைகளின் இடத்தை நாம் எடுத்துக்கொள்வதா' என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நல்ல மனத்திலிருந்து வந்தாலும், வசதியுள்ளவர்கள் ஒதுங்கிக்கொண்ட இடத்தில் கேள்வி கேட்பவர் குறைந்துவிடுகிறார் என்பதே என் அனுபவம். மாமியாரை ஒரு காலை வேளை அழைத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பதிவு செய்துகொண்டால் மாதாமாதம் மருந்து இலவசமாகக் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பதிவு செய்த முதியவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர் மருந்தைக் கொண்டுவருகிறார். அவருக்கும் உங்கள் கேட் திறக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

அரசு மருந்து தரமற்றது என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடலாம். 1994இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்புகிறது; பல மாநிலங்கள் அந்த முறையைப் பார்த்துத் தங்களுக்கும் அமைத்துக்கொண்டன. இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்த பிராண்டு ஏதேனும் மாமியார் சாப்பிட்டால், அதே சேர்க்கை அங்கே இருக்காது. தனித்தனி மாத்திரைகளாக மாற்றுவதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள், நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அங்கே இல்லாத மருந்துகளுக்கு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களையோ மக்கள் மருந்தகங்களையோ பாருங்கள். மாதம் 4,000 என்பது கணிசமாகக் குறையும். மிச்சமாகும் பணத்தில் ஆண்டுக்கொரு முறை கண்ணின் விழித்திரை, பாத உணர்ச்சி, சிறுநீரில் அல்புமின் ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள்; மாத்திரைக்கு ஆயிரக்கணக்கில் செலவிட்டும் இம்மூன்றையும் ஒருமுறைகூடப் பார்க்காத சர்க்கரை நோயாளிகள் உங்கள் சாலையில் நிறையப் பேர் இருப்பார்கள்.

சங்கம் என்ன செய்யலாம் என்பதற்கு என் முதல் பதில், செலவில்லாத ஒரு தீர்மானம். கிராம சுகாதாரச் செவிலியர், சுகாதார ஆய்வாளர், கொசு ஒழிப்புப் பணியாளர், போலியோ சொட்டு மருந்து கொடுக்க வருபவர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் ஆகியோர் அடையாள அட்டையைக் காட்டினால், எந்த வீட்டின் அனுமதியும் இல்லாமல் உள்ளே விட வேண்டும் என்று எழுதி, காவலரின் மேசையில் ஒட்டுங்கள். அதோடு, வீடுகள் எத்தனை, மக்கள் எத்தனை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், நீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே தாளில் எழுதி, வட்டார மருத்துவ அலுவலருக்கும், நகலை மாவட்ட சுகாதார அலுவலருக்கும் கொடுங்கள். புதிய துணை சுகாதார நிலையமோ கூடுதல் செவிலியரோ வேண்டுமென்று ஓர் அலுவலர் கோப்பு எழுத வேண்டுமானால், 2011 எண்ணிக்கைக்கு எதிராக அவர் கையில் வேறொரு எண் இருக்க வேண்டும். அண்டை வளாகங்களும் சேர்ந்து கொடுத்தால் அந்த எண் 5,000ஐத் தாண்டிவிடும். அப்போது அதை அலட்சியப்படுத்துவது கடினம். தாளில் காவலர்களையும் வீட்டு வேலைக்கு வருபவர்களையும், பக்கத்து மனையில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலக் கட்டுமானத் தொழிலாளர்களையும் தனி வரியில் சேருங்கள். அவர்களை எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை. மலேரியா தொடங்கினால் முதலில் தெரிவது அவர்களிடம்தான்.

அடுத்தது கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரி கட்டும் உங்கள் வளாகத்திலிருந்து யாராவது ஒருவர் இதுவரை போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சபையின் உறுப்பினர். எனவே திருநெல்வேலியிலிருந்து பெயரை மாற்றுவது முதல் வேலை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் குடிநீரைப் பற்றிப் பேச அது பொருத்தமான கூட்டம். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்திகளாகச் சிதறும் குறையைச் சபையில் தீர்மானமாக எழுதி வாங்கினால், அதற்குப் பதில் சொல்ல ஒருவர் கடமைப்பட்டவர் ஆகிறார்.

மகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. ஐந்து வயது நிறைகிறதென்றால், டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி) இரண்டாவது ஊக்கத் தடுப்பூசி போட வேண்டிய நேரம் இது. புதன்கிழமை தடுப்பூசி நாள். அவளுடைய தடுப்பூசி அட்டையோடு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி போட்டு முடிந்ததும் செவிலியரிடம் வளாகத்தின் பெயரையும் உங்கள் கைபேசி எண்ணையும் கொடுத்து, அவர் பதிவேட்டில் அந்த வளாகத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.